சண்முகசுந்தரத்தைக் கேட்பவர்கள்: வாசகர் கேள்வி–பதில்

(நாகர்கோவிலில் திரையரங்கு ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் சினிமா கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

அண்ணாச்சி, 'தில்லானா மோகனாம்பாள்' எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தொலைக்காட்சியில் போட்டால் ஓடவிட்டுவிட்டு அடுக்களையில் வேலையைப் பார்க்கிறோம். அடுத்த வசனம் என்னவென்று தெரிந்த பிறகு அதில் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?
வாசகி, சுசீந்திரம்

அம்மா, அடுக்களையிலிருந்து காதால் கேட்டாலே அந்தப் படத்தில் பாதி கிடைத்துவிடும். எனக்கு வாய்த்தது அந்த மற்றப் பாதி. பல வருடங்கள் அந்தப் படத்தைச் சத்தம் இல்லாமல்தான் எனக்குத் தெரியும்.

மெஷின் அறையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அந்தக் காலத்தில் இரண்டு மெஷின்கள். ஒன்றில் ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றதில் அடுத்த ரீலை மாட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மூன்று மணி நேரப் படம் என்றால் 16,000 அடிக்கு மேல். வெளிச்சம் கார்பன் குச்சிகளிலிருந்து வரும். அவை எரிந்து தேயத் தேய இடைவெளியைக் கவனித்துச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அசந்தால் திரை மங்கிவிடும், கீழே விசில் பறக்கும். ரீல் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். அதைப் பார்த்ததும் இரண்டாவது மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும். சில நொடிகளில் இன்னொரு புள்ளி. அப்போது மாற்றிவிட வேண்டும். பார்வையாளர்கள் பத்மினியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. இரண்டு மெஷின்களின் இரைச்சலில் அது பாடுகிறதா பேசுகிறதா என்று தெரிவதே பெரிய காரியம்.

அதனால் அந்தப் படத்தில் எனக்குத் தெரிந்தது உதடுகளும் கைகளும் கழுத்து நரம்புகளும்தான். கூடவே, சதுரத் துவாரத்தின் வழியாகக் கீழே தெரிந்த தலைகள். 1968-இல் வந்த படம் அது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் மறுவெளியீடாக வந்துகொண்டே இருந்தது. 'நலந்தானா' வரும்போது கீழே ஒரு தலையும் அசையாது. எங்கள் ஊர்க்காரர்கள் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நாதசுரம் கேட்டு வளர்ந்தவர்கள். பிடித்துவிட்டால் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். அவர்களே அசையாமல் இருக்கிறார்கள் என்றால் பாட்டில் என்னவோ நடக்கிறது என்று மட்டும் புரியும். என்னவென்று கேட்கத்தான் வழியில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, என் மகள் வாங்கித் தந்த ஒலிபெருக்கியில் அந்தப் படத்தை ஒழுங்காகக் கேட்டேன். கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. அந்தப் படம் வாசிப்பவனையும் ஆடுபவளையும் பற்றியது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். என்னைக் கேட்டால் அது கேட்பவர்களைப் பற்றிய படம் என்பேன். யார் இசையைக் கேட்கிறார்கள், யார் கேட்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத் தொடர்ந்து பாருங்கள், கதை முழுவதும் அதில் அடங்கியிருக்கும்.

தொடக்கத்தில் கோயில் திருவிழாவில் நாதசுர வித்வான் சண்முகசுந்தரம் (சிவாஜி) வாசிக்கிறார். வாணவேடிக்கைச் சத்தம் குறுக்கிடுகிறது. வாசிப்பை நிறுத்திவிடுகிறார். திமிர் பிடித்தவர் என்று முதல் தடவை தோன்றும். கேட்காத கூட்டத்துக்கு வாசிக்க மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான். அதே மனிதர் சற்று நேரத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று இன்னொருத்தியின் கலையைப் பார்க்கிறார். ஆடுகிற மோகனா (பத்மினி) அதைக் கண்டுபிடித்து, 'மறைந்திருந்தே பார்க்கும் மர்மம் என்ன' என்று சபை நடுவிலேயே ஆடிக் கேட்கிறாள். சபைக்கு அது பக்திப் பாட்டு. தூணுக்குப் பின்னால் நிற்பவருக்கு மட்டும் அது கேள்வி. பாட்டு சண்முகப்ரியா ராகத்தில் அமைந்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இசையமைத்த கே.வி. மகாதேவன் நாயகனின் பெயரை நினைத்துத்தான் அந்த ராகத்தை எடுத்தாரா என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

கடைசிக்கு நெருக்கத்தில் 'நலந்தானா'விலும் இதே ஏற்பாடுதான். அவருடைய கையில் விஷக்கத்தி பாய்ந்து, மருத்துவமனையில் கிடந்து தேறி வந்திருக்கிறார். அவளைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க அவளுக்கு வாய்த்த இடம் மேடை ஒன்றுதான். நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவருக்கு மட்டும் புரியும்படி விசாரிக்கிறாள். கண்ணதாசன் எழுதி பி. சுசீலா பாடிய அந்தப் பாட்டில் முதல் சொல்லே நலம் விசாரிப்பதுதான். ஊரில் யாரும் யாரையும் கேட்கும் கேள்வி. அதற்குள்தான் அத்தனை பாரத்தையும் வைத்திருக்கிறார்கள். முதல் பாட்டில் ஒளிந்து நின்றது அவர். இந்தப் பாட்டில் ஒளித்து வைத்துக் கேட்பது அவள். அடுத்த முறை இரண்டு பாட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள் அம்மா. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

சிவாஜி நிஜமாகவே நாதசுரம் வாசித்தாரா? எங்கள் வீட்டில் இதற்காகச் சண்டையே நடக்கிறது.
வாசகர், தக்கலை

வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படத்தில் வரும் 'நகுமோமு' அவர்களுடையது. சிவாஜி நடித்தார். சண்டையை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

நான் சத்தம் இல்லாமல் பார்த்தவன் என்பதால் இதில் கொஞ்சம் உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன். நாதசுரத்தில் 12 துளைகள். விரல் வைப்பது மேலே உள்ள ஏழில். கீழே உள்ளவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்வார்கள். வாயில் வைக்கும் சீவாளி நாணலில் செய்தது. வாசிக்கும் முன் அதை உதட்டில் வைத்து ஈரப்படுத்திப் பதம் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து மேளக்காரர்கள் வாசிப்பின் நடுவே சீவாளி மாற்றுவதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தில் ஒரு கவலை இருக்கும்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு சிவாஜியைப் பாருங்கள். விரலை விட்டுவிடுங்கள், அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கன்னம் எப்போது உப்புகிறது, எப்போது இறங்குகிறது, மூச்சை எங்கே எடுக்கிறார் என்று பாருங்கள். நீண்ட பிடி முடிந்ததும் வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்கும்போது தோள் தளர்கிறது. ஊதாத மனிதருக்குத் தோள் தளர வேண்டிய அவசியமே இல்லை. பிறகு ஒலியைக் கூட்டி அதே காட்சியைப் போடுங்கள். மூச்சும் இசையும் சேரும் இடத்தில் உங்களுக்கே உடம்பு சிலிர்க்கும்.

அவரைப் பார்த்து முடித்த பிறகு பக்கத்தில் தம்பியாக இரண்டாம் நாதசுரம் பிடிக்கும் ஏ.வி.எம். ராஜனைப் பாருங்கள். பிறகு தவிலோடு டி.எஸ். பாலையா. தவில்காரர் வாசிப்பதைவிட அதிகம் செய்வது கேட்பதுதான். நாதசுரம் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர் காதுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். பாலையாவின் கண் எப்போதும் சிவாஜியின் மேல் இருக்கிறது. கேமரா தன்னை விட்டு விலகிவிட்டது என்று தெரிந்தும் அந்தக் கண்ணை அவர் எடுப்பதில்லை. அந்த மனிதரின் கால் தூசி பெறுமா இன்றைக்குப் பின்னால் நின்று நடிக்கிறவர்களின் கவனம் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுவிட்டேன்.

ஜில் ஜில் ரமாமணி நகைச்சுவைப் பாத்திரம்தானே? அதைப் போய் ஏன் இத்தனை பேர் புகழ்கிறார்கள்?
வாசகர், குளச்சல்

சிரிக்க வைக்கும் பாத்திரம்தான். மனோரமாவின் பேச்சும் நடையும் அப்படி. ஆனால் அந்தப் பெண் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்பாள், ஞாபகம் இருக்கிறதா? இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று. அரங்கம் அதிரும். மேலே மெஷின் அறையிலேயே எனக்குக் கேட்கும்.

இப்போது அந்தக் கேள்வியை யோசித்துப் பாருங்கள். இத்தனை பிரபுக்களும் மைனர்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட வாசிப்பைப் பற்றி இந்தப் படத்தில் இவ்வளவு நல்ல கேள்வி வேறு யாரும் கேட்கவில்லை. ராகம் தெரியாது, தாளம் தெரியாது. ஆனால் இந்த மனிதரின் ஊதலில் வேறு எங்கும் இல்லாத ஒன்று இருக்கிறது என்று அவள் காது கண்டுபிடித்துவிட்டது. அதைச் சொல்லத் தெரிந்த ஒரே வழியில் சொல்கிறாள். கேள்வி கேட்கும்போது மனோரமா சிரிக்கவில்லை. முகத்தில் ஒரு ஆச்சரியம், கொஞ்சம் பயம்கூட. நாகேஷின் வைத்தியை இதற்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவன் எத்தனையோ கச்சேரியில் இருக்கிறான். அவன் கவனமெல்லாம் யார் பணக்காரர், அவர் கண் யார்மேல் படுகிறது என்பதில்தான். அவனுக்கு இசை காதில் விழுவதே இல்லை.

நான் கல்லூரி மாணவன். பழைய படங்களைச் செல்போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பேன். தவறா?
வாசகர், மார்த்தாண்டம்

மக்களே, கதையைத் தெரிந்துகொள்ள அது போதும். கதை தெரிந்த பிறகு பார்க்கும்போது வேகத்தைக் கூட்டினால் கையில் ஒன்றுமே மிஞ்சாது. ஒரு மனிதர் மூச்சு எடுக்கும் இடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் எப்படிப் பார்ப்பாய்?

இன்னொன்று இதைவிட முக்கியம். அந்தக் காலப் படங்கள் ஏறக்குறையச் சதுரமானவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான 'ராஜராஜ சோழன்' வந்ததே 1973-இல்தான். 'தில்லானா'வை எடுத்த அதே ஏ.பி. நாகராஜன், அதே சிவாஜி. அதற்கு முந்தைய படத்தை இன்றைய அகலமான திரையில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அது பிடிக்காமல் பலர் திரை நிறையும்படி மாற்றிவிடுகிறார்கள். இழுத்து நிரப்பினால் எல்லோரும் குட்டையாகவும் பருமனாகவும் ஆகிவிடுவார்கள். பெரிதாக்கி நிரப்பினால் மேலேயும் கீழேயும் வெட்டுப்படும். கீழே வெட்டுப்படுவது எது? பத்மினியின் பாதங்கள்! நாட்டியப் படத்தில் பாதத்தை வெட்டிவிட்டு எதைப் பார்க்கப் போகிறாய்? கறுப்புப் பட்டை அப்படியே இருக்கட்டும். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்தைத் தேடி ஒரே ஒரு முறை சரிசெய்து வைத்துவிடு. வீட்டில் யாராவது மறுபடி மாற்றினால் நான் சொன்னதாகச் சொல்.

இது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். திரையில் சட்டம் சரியாக விழுகிறதா, தலை வெட்டுப்படுகிறதா என்று பார்ப்பதுதான் ஆபரேட்டரின் முதல் வேலை. நாங்கள் அத்தனை கவனத்தோடு காட்டியதை இப்போது வீட்டுக்கு வீடு ஒரு பொத்தானை அமுக்கிக் கெடுக்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்கும் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? முழுக்கத் தஞ்சாவூர்க் கதையாயிற்றே?
வாசகர், பூதப்பாண்டி

கதை அந்தப் பக்கத்ததுதான். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர். கோபுலுவின் ஓவியங்களோடு வந்தது. ஆனால் சிவாஜி–பத்மினி என்ற ஜோடியை முதன்முதலில் திரையில் சேர்த்தவர் நம் ஒழுகினசேரிக்காரர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' 1952-இல் வந்தது, 'பராசக்தி' வந்த அதே வருடக் கடைசியில். அதற்கு முந்தைய வருடம் பத்மினியைத் தமிழில் கதாநாயகியாக்கிய 'மணமகள்' படத்தை இயக்கியவரும் அவரே. பத்மினி திருவனந்தபுரத்துப் பெண். 1956 நவம்பர் 1-ஆம் தேதிவரை நாமும் அந்தச் சமஸ்தானத்து எல்லைக்குள், பிறகு திருவாங்கூர்–கொச்சிக்குள் இருந்தவர்கள்தானே. அப்படிப் பார்த்தால் மோகனாம்பாள் நமக்குப் பக்கத்து வீட்டுப் பெண்.

'பணம்' முடிந்து 'தில்லானா'வுக்கு 16 வருடங்கள். இருவரும் அதற்குள் எத்தனையோ படங்களில் சேர்ந்து நடித்துப் பழகிவிட்டார்கள். ரயில் பயணத்தில் ஒரு சொல்கூடப் பேசாமல் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்களே, அந்தப் பழக்கம் அதில் தெரிகிறது. புதுமுகங்களை வைத்து அந்தக் காட்சியை எடுத்திருக்க முடியாது என்பது என் எண்ணம். கலைவாணர் 1957-இலேயே போய்விட்டார். அவர் சேர்த்துவைத்த ஜோடி இப்படி ஒரு படம் செய்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

என் அம்மாவுடன் சேர்ந்து இந்தப் படத்தைச் சமீபத்தில் பார்த்தேன். சண்முகசுந்தரம் மோகனாவை எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறார். சின்ன வயதில் அது காதலாகத் தெரிந்தது. இப்போது எரிச்சலாக இருக்கிறது. பிடித்த படத்தை மறுபடி பார்த்து இப்படி ஆக்கிக்கொண்டேனே என்று வருத்தமாக இருக்கிறது.
வாசகி, கருங்கல்

வருத்தப்படாதீர்கள் அம்மா. உங்கள் எரிச்சல் நியாயமானது. அவர் சந்தேகப்படுகிறார், கோபப்படுகிறார். ஒவ்வொரு முறையும் அதற்கான விலையை அவள்தான் கொடுக்கிறாள். அதை அன்பின் ஆழம் என்று அன்றைய கதைகள் எழுதின. அது குறைதான். சிவாஜியின் நடிப்பு அந்தக் குறையை மறைக்கும் அளவுக்குப் பெரியது, அதனால்தான் நமக்கு இத்தனை நாள் ஆனது.

ஆனால் அந்த எரிச்சலோடு படத்தை மூடிவிடாமல், கண்ணை அவரிடமிருந்து எடுத்து மோகனாவின் தாய் வடிவாம்பாளின் மேல் வையுங்கள். சி.கே. சரஸ்வதி நடித்த அந்த அம்மாளை நாம் எல்லோரும் பேராசைக்காரி என்றே பார்த்துவந்தோம். கோயிலையும் சதிராட்டத்தையும் நம்பி வாழ்ந்த குடும்பத்துப் பெண் அவள். நம் சுசீந்திரம் கோயிலிலும் அப்படிக் குடும்பங்கள் இருந்தன. திருவிதாங்கூரில் 1930-ஆம் ஆண்டுவாக்கில் சேது லட்சுமி பாயி ஆட்சியில் தேவதாசி முறை நிறுத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் வந்தது. நல்ல காரியம், வந்தே ஆக வேண்டிய காரியம். ஆனால் அந்த வீடுகளில் வயதான பெண்களுக்கு ஆட்டத்தைத் தவிர வேறு தொழில் கிடையாது, வேறு உலகமும் தெரியாது. மகளைப் பணக்காரர் ஒருவரிடம் ஒப்படைப்பதுதான் பாதுகாப்பு என்று அவளுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. அவள் செய்வது தவறு. எங்கிருந்து வந்த தவறு என்று படம் காட்டுகிறது, கவனித்தால்.

மகள் ஆடும்போது அந்தத் தாய் கேட்பதும் நாதசுரத்தை இல்லை. தன் வயதான காலத்தின் சோற்றைப் பற்றிய கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த இருவருக்கும் நடுவில்தான் மோகனா ஆடுகிறாள்: ஒரு பக்கம் நம்பாத காதலன், மறுபக்கம் பயந்துபோன தாய். அவர் நாதசுரத்துக்கும் அவள் ஆட்டத்துக்கும் நடக்கும் போட்டியில் அவர் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் அவள் கால் நிற்கவில்லை. 'தில்லானா' என்ற பட்டத்தைக் கடைசியில் அவர் வாயாலேயே கொடுக்க வைத்துவிடுகிறாள். உங்கள் அம்மா அந்த இடத்தில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இதேபோல மறுபடி பார்க்க இன்னொரு படம் சொல்லுங்கள். சிரிக்கிற படமாக இருக்கட்டும்.
வாசகர், வடசேரி

'காதலிக்க நேரமில்லை', 1964, ஸ்ரீதர் இயக்கியது. நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி ஊருக்கே தெரியும். கதவு திறக்கும் சத்தம் முதல் எல்லாவற்றையும் நாகேஷ் தன் வாயாலேயே செய்வார். அவரைப் பார்த்துச் சிரித்தது போதும். இந்த முறை பாலையாவின் முகத்தைப் பாருங்கள், கதை தொடங்கும் நொடியிலிருந்து. அதிகம் பேசாமல், உட்கார்ந்த இடத்தில் கேட்டுக்கொண்டு இருக்கிறார். முதலில் அலட்சியம், பிறகு ஆர்வம், பிறகு அசல் பயம். அவர் பயப்படாவிட்டால் நாகேஷ் எத்தனை சத்தம் போட்டாலும் நாம் சிரித்திருக்க மாட்டோம். தவில் வாசித்த அதே பாலையாதான். அந்தப் படமும் பழைய சதுர அளவுதான். ரிமோட் விஷயத்தை நீங்களும் மறந்துவிடாதீர்கள்.